கன்னடத்திற்கு அகராதி கண்ட கிட்டெல் பாதிரியார்

மொழிகளுக்குள் உறவு கூறுவது எளிது. அதை மெய்ப்பிப்பது அரிது. கண்ணுக்குப் புலப்படும் ஒற்றுமையை மட்டும் கொண்டு உறவு கூறப் புகுந்தால் பெரும்பாலும் வழி தவறியே போவோம்.

சீனத்தையும் ஜப்பானியத்தையும் எடுத்துக்கொள்வோம். இரு மொழி ஏடுகளையும் அருகருகே விரித்து வைத்தால், அறியாதார் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லுவர். சித்திரம் போன்ற சீன எழுத்துகள் ஜப்பானியப் பக்கங்களிலும் நிறைந்து கிடக்கின்றன. மலையைக் குறிக்கும் எழுத்து இரு நாட்டிலும் ஒன்றே. சீனர் அதை ‘ஷான்’ என்று படிப்பர். ஜப்பானியர் சில இடங்களில் ‘சான்’ என்றும், சில இடங்களில் ‘யாமா’ என்றும் படிப்பர். ‘சான்’ என்பது சீனரிடம் கடன் பெற்றது. ‘யாமா’ என்பது ஜப்பானியரின் வீட்டுச் சொல். ‘இச்சி, நி, சான்’ என்று ஜப்பானியர் எண்ணும் ஒன்று இரண்டு மூன்றும் கடன் சொற்களே. அவற்றுக்கு முன்பிருந்த ‘ஹிதோத்சு, ஃபுதாத்சு, மித்சு’ என்பனவும் இன்றுவரை வழக்கில் உள்ளன.

எழுதியதை விட்டுப் பேசுவதைக் கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். நான் நூல் படிக்கிறேன் என்பதற்குச் சீனர், நான்—படி—நூல் என்னும் வரிசையில் ‘வோ கான் ஷூ’ என்பர். ஜப்பானியர், நம்மைப் போலவே வினையைக் கடைசியில் நிறுத்தி, வேற்றுமை உருபு போன்ற இடைச்சொற்களையும் சேர்த்து ‘வாதாஷி வா ஹோன் ஓ யோமு’ என்பர். ஆகவே எழுத்தும் சொற்களும் பெருமளவில் சீனத்திலிருந்து வந்திருந்தும், ஜப்பானியம் சீனத்தின் மகளும் அன்று, தங்கையும் அன்று. அண்டை வீட்டில் தாராளமாகக் கடன் வாங்கிய வேறு குடும்பம் அது.

அப்படியானால் உறவு என்பதை எதைக் கொண்டு அறிவது? இக்கேள்விக்கு விடை தேடத் தொலைநாடு செல்ல வேண்டியதில்லை. நாம் படிக்கும் இந்தப் பெங்களூரில், எம்.ஜி. சாலைப் பகுதியில் சிலையாக நிற்கும் ஒருவரின் வாழ்க்கையே விடை கூறும். ஆஸ்டின் டவுன் பகுதிக்குக் கிட்டெல் நகர் என்று பெயர் வந்தது அவரால்தான். கன்னட மாணவர் அனைவரும் அறிந்த பெயர் அது. தமிழ் மாணவராகிய நாமும் அறிந்திருக்க வேண்டிய பெயர் என்று கருதியே அவர் வரலாற்றை நான் எழுதப் புகுந்தேன்.

ஃபெர்டினாண்டு கிட்டெல், 1832-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஜெர்மனியின் வடமேற்குக் கோடியில், வடகடலை அடுத்த ரெஸ்டர்ஹாஃபே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் லுத்தர் சபைப் பாதிரியார். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் எனப் பல மொழிகளை இளமையிலேயே கற்றார். 1850-இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த மிஷன் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1853-இல், இருபத்தோராம் வயதில், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

பாசல் மிஷன் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே மங்களூரில் கால் ஊன்றியிருந்தது. அதன் பாதிரிமார் பள்ளிகள் நடத்தினர், அச்சகம் வைத்தனர். அவர்களுள் ஹெர்மன் மோக்லிங் என்பார் 1843-இல் ‘மங்களூர சமாசார’ என்னும் முதற் கன்னடச் செய்தித்தாளைத் தொடங்கியவர். பழங்கன்னட நூல்களை அச்சேற்றியவர். தலைச்சேரியில் இருந்த ஹெர்மன் குண்டர்ட் என்பார் மலையாளத்திற்கு இலக்கணமும், 1872-இல் பேரகராதியும் தந்தவர். நோபல் பரிசு பெற்ற ஹெர்மன் ஹெஸ்ஸெ என்னும் எழுத்தாளர் இக்குண்டர்ட்டின் மகள் வயிற்றுப் பேரரே. இத்தகையோர் நடந்த தடத்தில்தான் இளைஞர் கிட்டெல் வந்து சேர்ந்தார்.

வந்தவர் பங்களாவில் அமர்ந்து பணியாற்றும் இயல்பினராக இல்லை. இந்தியரோடு இந்தியராக வாழ விரும்பினார். கால்நடையாகவே கிராமம் கிராமமாகச் சென்றார். மக்கள் பேசும் சொல்லைக் காதாரக் கேட்டுக் கற்றார். கன்னடத்தோடு வடமொழியும் பயின்றார். மிஷனைச் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் ஜெர்மனியின் தென்பகுதியினர், இவரோ வடபகுதியினர். அவர்களுக்கு இவர் போக்கு ஒத்துவரவில்லை. சமயம் பரப்ப வந்தவர் பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பது மேலிடத்தாருக்கு உவப்பாக இல்லை. தம் கூட்டத்திற்குள்ளேயே ஓரளவு தனியராகத்தான் அவர் வாழ்ந்தார். தார்வாடு, மங்களூர், மடிக்கேரி, ஹுப்ளி என்று ஊர்கள் மாறின. ஆனால் கையிலிருந்த கன்னடம் மாறவில்லை.

சொந்த வாழ்விலும் துயரம் வந்தது. 1860-இல் பவுலினா ஐத் என்னும் பெண்மணியை மணந்தார். நான்கே ஆண்டுகளில், 1864-இல், அவ்வம்மையார் காலமானார். சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய சகோதரி யூலியை மணந்து இல்லறம் தொடர்ந்தார். அந்நாளில் கடல் கடந்து வந்த குடும்பங்களுக்குக் காய்ச்சலும் சாவும் அன்றாடச் செய்திகள். அதற்கிடையிலும் அவருடைய படிப்பு நிற்கவில்லை. 1862-இல் ஏசுபிரான் வரலாற்றைக் கன்னட யாப்பில் பாடி ‘கதாமாலெ’ என்னும் நூலாக வெளியிட்டார். அயல்மொழியில் உரைநடை எழுதுவதே அரிது. அவரோ யாப்பிலும் துணிந்து இறங்கினார்.

அவருடைய ஆராய்ச்சிக்கு அடிப்படை இட்டது கேசிராசரின் ‘சப்தமணி தர்ப்பணம்’. 13-ஆம் நூற்றாண்டில் தோன்றிய இந்நூல் கன்னடத்திற்கு நம் நன்னூலைப் போன்றது. கிட்டெல் இதை 1872-இல் மங்களூரில் பதிப்பித்தார். நாகவர்மரின் யாப்பு நூலை 1875-இல் வெளியிட்டார். இன்றைய கன்னடத்தில் ழகரமும் வல்லின றகரமும் இல்லை. ஆனால் பழங்கன்னடத்தில் இரண்டும் இருந்தன. அவற்றுக்குத் தனி எழுத்துகளும் இருந்தன. கேசிராசர் காலத்திலேயே ழகரம் மறையத் தொடங்கியிருந்தது. அதனால்தான் ழகரம் வரும் சொற்கள் எவை எவை என்று அவர் பட்டியல் இட்டு வைத்தார். இன்று ‘ஏளு’ என்னும் கன்னட எண் அன்று ‘ஏழு’ என்றே வழங்கிற்று. ழகரம் தமிழுக்கே சிறப்பு என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். நம் அண்டை வீட்டார் பல நூற்றாண்டுகள் அதை நாவில் வைத்திருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

இனி அவருடைய பெரும்பணிக்கு வருவோம். கன்னடத்திற்கு வில்லியம் ரீவ் என்பாரின் அகராதி ஒன்று முன்பே இருந்தது. கிட்டெல் விரும்பியது அதைவிட ஆழமான ஒன்று. கல்வெட்டு, காவியம், இலக்கணம், பழமொழி, ஊர்ப்பேச்சு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் சொற்களைத் திரட்டினார். உள்ளூர்ப் புலவர்கள் அவருக்குத் துணை நின்றனர். ஒரு சொல்லை எடுத்தால், அதன் பொருள், அது வந்துள்ள இடம், அதன் பழைய வடிவம், இவற்றோடு தமிழ், தெலுங்கு, மலையாளம், துளு ஆகிய உடன்பிறப்பு மொழிகளில் அதற்கு இணையான சொல் என்ன என்பதையும் குறித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வுழைப்பு நீடித்தது.

அந்த அகராதியைப் புரட்டும் தமிழ் மாணவனுக்குப் பக்கத்துக்குப் பக்கம் வியப்புத்தான். நான் அதைப் பார்த்தபோது முதலில் தேடியது ஹகரத்தில் தொடங்கும் சொற்களை. நாம் பால் என்பதைக் கன்னடர் ‘ஹாலு’ என்பர். பல் அவர்களுக்கு ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’, பூ ‘ஹூவு’, பத்து ‘ஹத்து’, பெண் ‘ஹெண்ணு’. பழங்கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்தில்தான் தொடங்கின. பிற்காலத்தில் பகரம் ஹகரம் ஆயிற்று. ஏதோ ஒரு சொல்லில் நேர்ந்த மாற்றம் அன்று. வரிசை வரிசையாக நேர்ந்த மாற்றம்.

இதை அறிந்தபின் பெங்களூரின் தெருக்களே நமக்குப் பாடநூல் ஆகிவிடும். மாரத்தஹள்ளி என்பதிலுள்ள ‘ஹள்ளி’ நம் பள்ளி; திருச்சிராப்பள்ளியில் உள்ள அதே பள்ளி. ஹலசூரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘ஹலசு’ நம் பலா. ‘ஹொச’ என்றால் புது. ஊருக்குப் பஸ் ஏறும் நாம் எல்லோரும் கடந்துபோகும் ஓசூர், நம் நாட்டில் நூறு இடங்களில் காணும் புதூரே அன்றோ! இன்னொரு வரிசையும் உண்டு. நம் வகரம் அங்கே பகரம் ஆகும். ‘பஸ்’ என்பதில் நாம் ஒலிக்கும் பகரம். வா என்பது ‘பா’. வேர் என்பது ‘பேரு’. வெள்ளி என்பது ‘பெள்ளி’.

இதுவரை கேட்ட நண்பர்கள், எல்லாவற்றிலும் தமிழே பழமையாக இருக்கிறது, ஆகவே தமிழே தாய் என்று முடிவு கட்ட நினைப்பர். சற்றுப் பொறுங்கள்! மூன்றாவது வரிசை ஒன்று இருக்கிறது. நம் செவி கன்னடத்தில் ‘கிவி’. நம் சேரி ‘கேரி’. செம்மை நிறத்தைக் குறிக்கும் நம் ‘செம்’ அங்கே ‘கெம்’. கெம்பு என்றால் சிவப்பு. இந்நகரை அமைத்த கெம்பேகௌடரின் பெயரும், மெஜஸ்டிக் பஸ் நிலையத்தின் பெயரும் இச்சொல்லோடு இயைந்தவை. இங்கே மூலமொழியில் இருந்தது ககரம். இ, எ போன்ற உயிர்களுக்கு முன் அதைச் சகரமாக மாற்றிக்கொண்டது தமிழ். மாற்றாமல் காத்தது கன்னடம்!

நண்பர்களே, இந்த ஓர் இடத்தில்தான் வழக்கின் தீர்ப்பு இருக்கிறது. பாலில் தமிழ் பழமையைக் காத்தது. செவியில் கன்னடம் காத்தது. தாயிடம் இல்லாத பழமை மகளிடம் எப்படி வரும்? ஆகவே இரண்டும் ஒரு பழந்தாயின் மக்கள்; ஒருவரிடம் ஒரு நகையும், மற்றவரிடம் மற்றொரு நகையும் தங்கின. தமிழில் எழுதப்பட்ட இலக்கியம் மிகப் பழையது என்பது உண்மை. ஆனால் அக்காள் முன்னதாக நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாள் என்பதற்காக, அவள் தங்கைக்குத் தாய் ஆகிவிட மாட்டாள்.

சீன ஜப்பானிய உவமையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். கன்னடத்தில் வடசொற்கள் ஏராளம். பாலுக்கு ‘ஹாலு’ என்பதோடு ‘க்ஷீர’ என்பதும் உண்டு. இவற்றை எண்ணிப் பார்த்துக் கன்னடம் வடமொழியின் மகள் என்று கூறினோர் இருந்தனர். அது ஜப்பானியத்தைச் சீனத்தின் மகள் என்பதை ஒக்கும். ஒன்று முதல் பத்து வரை எண்ணும்போதும், வா, போ, தா என்று ஏவும்போதும், கண், மூக்கு, பல் என்று சுட்டும்போதும் கன்னடம் நம் இனமே. 1816-இல் சென்னையில் எல்லிஸ் துரை தொட்டுக் காட்டி, 1856-இல் கால்டுவெல் ஐயர் விரித்து நாட்டிய உண்மைக்கு, ஒவ்வொரு சொல்லாகச் சான்று குவித்தது கிட்டெலின் அகராதி.

மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். வாக்கிய அமைப்பு ஒத்திருப்பதால் ஜப்பானியமும் தமிழும் உறவு என்று சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் பல ஆண்டுகள் வாதிட்டார், சொற்பட்டியல்களும் தந்தார். மொழியறிஞருள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஜப்பானியத்தில் பூவுக்கு ‘ஹானா’ என்று பெயர். முன்னாளில் அது ‘பானா’. கன்னடத்தைப் போலவே அங்கும் பகரம் ஹகரம் ஆகியிருக்கிறது. ஆனால் தொடர்பில்லாத இரு நாடுகளில் ஒரே மாற்றம் தனித்தனியே நிகழ்வது இயல்பு. அமைப்பு ஒப்புமை போதாது. இரண்டொரு சொல்லின் ஒப்புமையும் போதாது. ஒழுங்கு தவறாத வரிசைகள் வேண்டும். அவற்றைத் தேடத்தான் ஒரு மனிதர் இருபது ஆண்டுகளைச் செலவிட்டார்.

கிட்டெலின் துணிவுக்கு இன்னொரு சான்றும் சொல்ல வேண்டும். வடமொழியே எல்லாவற்றையும் கொடுத்தது, தென்மொழிகள் வாங்கியே வாழ்ந்தன என்று கருதப்பட்ட காலம் அது. வடமொழி அகராதிகளில் திராவிடச் சொற்கள் கலந்திருப்பதை 1872-இலேயே ஒரு கட்டுரையில் காட்டினார். பின்னர்த் தம் அகராதியின் முன்னுரையில் நானூறு சொற்கள் அளவுக்குப் பட்டியலே தந்தார். பின்வந்தோர் அவற்றுள் பலவற்றை ஏற்றனர், பலவற்றை விலக்கினர். ஆராய்ச்சியில் அது இயல்பு. கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடந்தது என்பது மட்டும் நிலைத்தது. மீனும் நீரும் வடமொழியில் நீந்துவது அதனால்தான்.

அகராதி முடியுமுன் அவர் உடல் தளர்ந்தது. 1877-இல் ஜெர்மனிக்குத் திரும்பினார். ஆனால் கன்னட நாட்டை விட்டு அகராதியை முடிக்க இயலாது என்று கண்டு, 1883-இல், ஐம்பது வயதைக் கடந்தபின், மீண்டும் கடல் கடந்து வந்தார். வேலை முடிந்து 1892-இல் தாயகம் சென்றார். 1894-இல் மங்களூர் பாசல் மிஷன் அச்சகத்திலிருந்து அகராதி வெளிவந்தது. 1,700 பக்கங்களுக்கு மேல். சொற்கள் ஏறத்தாழ 70,000. தியூபிங்கன் பல்கலைக்கழகம் 1896-இல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிப் பெருமை பெற்றது. ஓய்வு நாளிலும் அவர் ஓயவில்லை. கன்னட மொழிக்குப் பேரிலக்கணம் ஒன்றை எழுதி 1903-இல் வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பர் திங்களிலேயே தியூபிங்கனில் கண் மூடினார்.

அவர் இந்நாட்டுக்கு வந்தது சமயம் பரப்ப. அதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்தாரில்லை. ஆனால் அவர் பெயரை இன்று நிலைநிறுத்துவது அவர் செய்த பிரசங்கங்கள் அல்ல. அவர் திரட்டிய சொற்களே. எந்த மக்களைத் தம் வழிக்குத் திருப்ப வந்தாரோ, அந்த மக்களின் மொழி அவரைத் தன் வழிக்குத் திருப்பிக்கொண்டது.

தமிழருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. கிட்டெலின் அகராதியை, மரியப்ப பட்டர் திருத்தி விரிவாக்க, 1968 முதல் 1971 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகம்! தமிழ்நாட்டின் தலைநகரில் கன்னடத்தின் பேரகராதி புத்துயிர் பெற்றது. மொழிப்பற்று மிகுந்திருந்த அந்நாளில், நம் பல்கலைக்கழகம் ஒன்று அண்டை மொழிக்குச் செய்த இத்தொண்டை நம்மிற் பலர் அறியோம்.

இவற்றையெல்லாம் இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. 2025-இல், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று சென்னை மேடை ஒன்றில் கூறப்பட்ட ஒரு சொல், இம்மாநிலத்தில் பெரும் கொந்தளிப்பை எழுப்பிற்று. ஒரு தமிழ்த் திரைப்படம் இங்கே வெளிவராமலே போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்நாட்களில் விடுதிகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டதை நாம் மறக்கவில்லை. தமிழே தாய் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்திலும் அது உண்டு. ஆனால் 1970-இல் அவ்வணக்கத்தை அரசுப் பாடலாக ஏற்றபோது, அக்கருத்து வரும் அடிகளைத் தமிழ்நாடு அரசு விட்டுவிட்டது. புலவர் உள்ளத்து உவகை வேறு. மொழி நூலார் முடிபு வேறு என்பதை அன்றே உணர்ந்தார் போலும்!

தமிழின் பெருமைக்கு இன்னொரு மொழியை மகளாக்கிக் காட்ட வேண்டிய தேவை இல்லை. அதன் சங்க இலக்கியம் போதும். இன்றும் வாழும் அதன் இளமை போதும். கன்னடமும் 9-ஆம் நூற்றாண்டிலேயே ‘கவிராசமார்க்கம்’ கண்ட மொழி. 10-ஆம் நூற்றாண்டிலேயே பம்பனைப் பெற்ற மொழி. உறவைச் சொல்வதில் தவறில்லை. உறவின் முறையைச் சரியாகச் சொல்ல வேண்டும். அத்தையை அம்மா என்று அழைத்தால் அன்பு கூடும். அக்காள் தங்கையைப் பார்த்து நான் உன் தாய் என்றால் வீட்டில் சண்டைதான் மூளும்.

ஆகவே, தமிழ் மாணவ நண்பர்களே, என் வேண்டுகோள் சிறியது. நம் நூலகத்தில் கிட்டெலின் அகராதி இருக்கும் அலமாரியைத் தேடிச் செல்லுங்கள். நாளொன்றுக்கு ஒரு பக்கம் புரட்டுங்கள். மூன்று வரிசைகளையும் மனத்தில் கொண்டு கன்னடம் கற்கத் தொடங்குங்கள். பாதி மொழி முன்பே நமக்குத் தெரியும் என்பதைக் காண்பீர்கள். நாம் அண்ணன் என்பதை அவர்கள் ‘அண்ண’ என்கிறார்கள், தம்பி ‘தம்ம’, தங்கை ‘தங்கி’, அக்காவோ அங்கும் ‘அக்க’. வடகடற் கரையில் பிறந்த ஒருவர் இந்த உறவைச் சொல் சொல்லாக எடுத்துக் காட்டிச் சென்றார். இவ்வூரில் வாழும் நாம் அதை வாய்ச்சொல்லோடு விடாமல் வாழ்விலும் காட்டுவோமாக! கிட்டெலார் புகழ் வாழ்க!